சுண்டெலியின் கையில் காணி உறுதி

"எங்கட பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் படங்களுக்குள்ள அரசியலைப் புகுத்தினமாமே, உண்மையோ?" பெற்றோர் கூட்டங்களில் இவ்வினா இப்போது அடிக்கடி எழுகின்றது. சிலர் அச்சத்தோடு கேட்கின்றனர். சிலர் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுக் கோபத்தோடு கேட்கின்றனர். முன்னர் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் ஊருக்கு ஒன்றிரண்டுதான். இன்றோ தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போகும் தாய், சின்னப் பிள்ளையை மரநிழலில் இருத்தி, அதன் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போகின்றாள். அவளைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. பிள்ளையைப் பார்க்க வீட்டில் வேறு ஆளில்லை. ஆயினும் அந்தச் சிறிய திரைக்குள் நின்று பேசுபவர் யார், ஏன் பேசுகின்றார் என்பதை அவளும் அறிந்திருப்பது நல்லது.

கேள்விக்கு விடை, ஆம், புகுத்துகின்றார்கள் என்பதே. அதில் புதுமை ஒன்றும் இல்லை. 1943ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரின் நடுவே, வால்ற் டிஸ்னியின் டொனால்ட் டக் என்னும் தாரா, போருக்குப் பணம் வேண்டும், வருமான வரியை ஒழுங்காகக் கட்டுங்கள் என்று அமெரிக்க மக்களுக்குப் போதித்தது. அப்படத்தை எடுப்பித்தது அந்நாட்டுத் திறைசேரி. 1945ல் ஜப்பானியக் கடற்படையின் ஆதரவில் ஒரு முழுநீளச் சித்திரப்படம் வெளிவந்தது. அதில் மொமொத்தாரோ என்னும் நாட்டார்கதைச் சிறுவன், குரங்கையும் கரடியையும் படையாகத் திரட்டிக்கொண்டு போய்த் தென்கிழக்காசியத் தீவொன்றிலிருந்து பிரித்தானியரை விரட்டுகின்றான். இரு தரப்பாரும் ஒரே ஆயுதத்தைத்தான் எடுத்தார்கள். பிள்ளையின் சிரிப்பு எந்த வாசலையும் திறக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே அரசியல் இருக்கின்றதா இல்லையா என்பதில் நாம் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. யாருடைய அரசியல், அதைக் குற்றமென்று கூவுகின்றவர் யார் என்பவையே கடினமான கேள்விகள்.

எமது வீடுகளில் தமிழ்நாட்டு அலைவரிசைகள் ஓடாத நாளில்லை. (பிள்ளைகளின் வாயில் "வாங்கோ" மறைந்து "வாங்க" வந்துவிட்டதென்று கவலைப்படும் அப்பம்மாமாரும் உளர். அது வேறு கதை.) அவற்றுள் ஒன்றான ஜீ தமிழில், 2022 ஜனவரியில், "ஜூனியர் சூப்பர் ஸ்டார்ஸ்" என்னும் சிறுவர் நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி ஒளிபரப்பாயிற்று. அது கார்ட்டூன் அன்று. வடிவேலுவின் "இம்சை அரசன் 23ஆம் புலிகேசி" படத்தைத் தழுவி, இரண்டு சிறுவர் அரசனும் அமைச்சனுமாக வேடமிட்டு நடித்தார்கள். பணத்தாள்களைச் செல்லாதென்று அறிவித்த அரசன், ஊர் ஊராகப் பயணம் போகின்ற அரசன் என்றெல்லாம் பேச்சு வந்தது. இந்தியப் பிரதமரையே கேலி செய்தார்கள் என்று பாரதிய ஜனதாக் கட்சியின் தமிழகப் பிரிவு முறைப்பாடு செய்தது. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருமாறு இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சு அலைவரிசைக்குக் கடிதம் அனுப்பியது. இணையத்திலிருந்து அக்காட்சி நீக்கப்பட்டது.

முறைப்பாட்டில் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இவை விளங்கப் போவதில்லை. நகைச்சுவையின் பேரில் பெரியவர்களே இவற்றை அவர்கள்மேல் திணித்திருக்கின்றார்கள் என்பது அது. முற்றாகத் தள்ளிவிடக் கூடிய நியாயமன்று. பிள்ளையின் வாயில் பெரியவர் தம் வசனத்தை வைப்பது எங்கும் நடக்கின்றது, எமது பாடசாலை விழாக்களிலும் நடக்கின்றது. ஆனால் அதே கட்சியின் தலைவரைப் பற்றி, 2014 தேர்தலுக்கு முன், "பால நரேந்திரா" என்றொரு சித்திரக்கதைப் புத்தகம் பிள்ளைகளுக்காக வெளிவந்தது. அதில் சிறுவன் நரேந்திரன் முதலைகள் உள்ள ஏரியை நீந்திக் கடக்கின்றான். பிள்ளைகளுக்கு அரசியல் விளங்காது என்ற நியாயம் அந்தப் புத்தகத்துக்கு எதிராக எழுந்ததாக இல்லை. அரசனைப் புகழ்ந்தால் அது நற்போதனை, அரசனைப் பார்த்துச் சிரித்தால் அது பிரசாரம். அதிகாரத்தில் இருப்பவர் "பிரசாரம்" என்று கூவும்போது, இந்த அளவுகோலை நாம் மனதிற் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் எமக்கு இலகுவாக விளங்கும். ஏனெனில் அது பிறருடைய சண்டை. எமது நெஞ்சுக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

2007ஆம் ஆண்டு, பலஸ்தீனத்தின் காசாவில், ஹமாஸ் இயக்கத்தின் அல்-அக்ஸா தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி ஒன்று வந்தது. மிக்கி மவுஸைப் போன்ற வேடமணிந்த பர்பூர் என்னும் சுண்டெலியும் ஒரு சிறுமியும் அதை நடத்தினார்கள். பால் குடியுங்கள், ஒழுங்காகத் தொழுங்கள் என்று அந்த எலி சொல்லிக் கொடுத்தது. இடையிடையே துப்பாக்கி பிடிப்பதுபோல அபிநயம் காட்டியது. ஒருநாள் பரீட்சையில் பார்த்தெழுதிப் பிடிபட்டது. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, வீட்டை இடித்துவிட்டார்கள், என் புத்தகங்கள் இடிபாட்டுக்குள் கிடக்கின்றன என்றது.

இவ்வருடாந்தம் இடம்பெயர்ந்த எந்தத் தாய்க்கும் இந்த வசனம் உறைக்கும். அடுத்து வந்ததோ இன்னும் ஆழமாக உறைக்கும். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் பர்பூரின் கடைசி நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. சாகக் கிடக்கும் பாட்டனார், தம் பழைய காணியின் திறப்பையும் பத்திரங்களையும் பர்பூரின் கையில் ஒப்படைக்கின்றார். அந்தக் காணி இருந்த இடத்தில் இப்போது தெல் அவிவ் நகரம் இருக்கின்றதென்று சொல்லப்படுகின்றது. இஸ்ரேலிய அதிகாரி ஒருவன் அப்பத்திரங்களைக் கேட்கின்றான். எலி மறுக்கின்றது. அதை அடித்துக் கொல்கின்றான். தன் மண்ணைக் காத்து பர்பூர் வீரச்சாவடைந்தது என்று சிறுமி பார்வையாளருக்கு அறிவிக்கின்றாள். பர்பூருக்குப் பின் ஒரு தேனீ வந்தது. சிகிச்சைக்கு எல்லை தாண்டிப் போக முடியாமல் அதுவும் இறந்தது. அதன் பின் வந்த முயல் விமானக் குண்டுவீச்சில் இறந்தது.

உலகெங்கும் கண்டனம் எழுந்தது. பலஸ்தீனத்தின் அன்றைய தகவல் அமைச்சரே இது பிழையான அணுகுமுறை என்று கூறி, நிகழ்ச்சியை நிறுத்தும்படி கேட்டார். ஆனால் குற்றஞ்சாட்டியவர்களும் சுத்தமாக நடந்துகொள்ளவில்லை. இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பரப்பியது வாஷிங்டனில் இயங்கும் மெம்ரி என்னும் நிறுவனம். ஒரு சிறுமி "யூதர் எங்களைச் சுடுகிறார்கள்" என்று சொன்னதை, "நாங்கள் யூதரை அழிப்போம்" என்று அது பெயர்த்திருக்கின்றது என சி.என்.என். நிறுவனத்தில் அரபு அறிந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தன் பெயர்ப்புச் சரியென்றே மெம்ரி நின்றது. சுடப்படும் பிள்ளையின் வாக்கு சுடப்போகும் பிள்ளையின் வாக்காக மாறியது. பிரசாரத்தைக் காட்டிக்கொடுக்கப் புறப்பட்டதே இன்னொரு பிரசாரமாயிற்று.

எனினும் மொழிபெயர்ப்பைத் திருத்திவிட்டால் அந்த எலி நிரபராதி ஆகிவிடுமா? என் கருத்தில் ஆகாது. பாட்டனாரின் திறப்பு பொய்யன்று. 1948ல் வீடு வாசலை விட்டோடிய பலஸ்தீனர் பலர் அவ்வாறான திறப்புகளை இன்றும் வைத்திருக்கின்றார்கள். வலிகாமம் வடக்கிலிருந்து 1990 ஜூன் மாதத்தில் ஓடியவர்கள், காணி உறுதியைப் பிளாஸ்ரிக் உறையில் சுற்றி முகாம் முகாமாகக் காவித் திரிந்ததை நாம் கண்டிருக்கின்றோம். துயரம் உண்மை, உறுதி உண்மை. ஆனால் அந்த உண்மைகளை அடுக்கி, அவற்றின் முடிவில் பிள்ளைக்கு ஒரேயொரு வழியைத்தான் காட்டினார்கள். அது சாவு. நிகழ்ச்சியைப் பார்த்திருந்த ஏழு வயதுப் பிள்ளை அந்த எலியோடு வழக்காடியிருக்க முடியுமா? வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்டிருக்க முடியுமா?

இதை நாம் தூர தேசத்துக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது. 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, கார்ட்டூனும் இல்லை. ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்தால்தான் படம். ஆயினும் கார்ட்டூன் செய்யக்கூடிய வேலையை வீதி நாடகமும், போர்க்காட்சி ஒளிநாடாவும், போர்க்கருவிகளின் மாதிரிகள் வைத்த சிறுவர் பூங்காவும் செய்தன. விடுதலைப் புலிகள் பாடசாலை வாசலுக்கே அவற்றைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் காட்டிய துயரம் இட்டுக்கட்டியதன்று. 1995 செப்ரெம்பர் 22ஆம் நாள் நாகர்கோவில் பாடசாலைமீது விமானம் குண்டு போட்டதில் பிள்ளைகள் மாண்டது உண்மை. ஆனால் குண்டு விழுந்தது உண்மை என்பதால், பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் துவக்குத் தூக்கக் கூப்பிட்டது சரியாகிவிடாது. அன்று அதைப் பிரசாரமென்று வெளியே சொல்லத் துணிந்தவர் மிகச் சிலர். கொழும்பில் இருப்போர் அதைச் சொன்னபோது எமக்குக் கோபம் வந்தது. அவர்களுடைய வாயிலிருந்து வந்தது என்பதற்காக அது பொய்யாகவில்லை.

தெற்கிலும் பிள்ளைகளுக்கு ஒரு சித்திரம் உண்டு. இளவரசன் கைமுனு படுக்கையில் கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கின்றான். தாய் காரணம் கேட்கின்றாள். கங்கைக்கு அப்பால் தமிழர், இந்தப் பக்கம் கடல், நான் எப்படிக் காலை நீட்டிப் படுப்பேன் என்கின்றான். மகாவம்சத்தில் உள்ள இக்கதை தலைமுறை தலைமுறையாகச் சிங்களச் சிறுவருக்குச் சொல்லப்பட்டு வருவது. காலை நீட்ட இடமில்லாத பிள்ளை என்ற அச்சித்திரத்தின் வலுவைப் பாருங்கள். ஒரு முகாம் கொட்டிலுக்குள் எட்டுப் பேர் படுத்தவர்களுக்கு அது நன்றாகவே விளங்கும். அதே மகாவம்சத்தில், போரில் விழுந்த எல்லாளனுக்குக் கைமுனு மரியாதை செய்து, அவன் சமாதியைக் கடப்போர் வணங்க வேண்டுமெனக் கட்டளையிட்டதும் எழுதப்பட்டிருக்கின்றது. முதற் சித்திரத்தைப் பார்த்த பிள்ளைக்கு இரண்டாவதையும் காட்ட வேண்டாமா? இரண்டில் ஒன்றை எடுத்து மற்றதை விட்டுவிடும்போது, ஒரு பொய்யும் சொல்லாமலே பிரசாரம் செய்துவிடலாம்.

வெட்டி எடுப்பது பற்றிச் சொல்ல வரும்போது, கமக்காரருக்கு ஏற்ற ஒரு கதை உண்டு. ஜோர்ஜ் ஓர்வெல் என்னும் ஆங்கிலேயர் 1945ல் எழுதிய "விலங்குப் பண்ணை" அது. பண்ணை விலங்குகள் குடிகார எசமானை விரட்டிவிட்டுத் தாமே பண்ணையை நடத்தத் தொடங்குகின்றன. நாளடைவில் பன்றிகள் தலைமையைப் பிடித்துப் புதிய எசமான்கள் ஆகின்றன. ரஷ்யப் புரட்சி போன போக்கைச் சாடும் கதை. ஆனால் அதன் கடைசிக் காட்சி கூரியது. பன்றிகளும் அயற் பண்ணை மனிதர்களும் ஒரே மேசையில் இருந்து விருந்துண்கின்றனர். வெளியே நிற்கும் விலங்குகளுக்கு எது பன்றி, எது மனிதன் என்று பிரித்தறிய முடியவில்லை.

1947ல் இக்கதை உக்ரேனிய மொழியில் அச்சாகி, ஜேர்மனியில் முகாம்களில் இருந்த உக்ரேனிய அகதிகளுக்குப் போனது. எம்மைப் போல் இடம்பெயர்ந்தவர்களே அவர்கள். ஏறத்தாழ 2,000 பிரதிகள் அவர்கள் கைக்குச் சேர்ந்தன. இன்னும் 1,500 பிரதிகளை ஜேர்மனியில் இருந்த அமெரிக்க அதிகாரிகள் பறித்துச் சோவியத் அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள் என்று ஓர்வெல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கின்றார். போரில் தோழர்களாக நின்றவர்களின் உறவு அப்போது முற்றாக முறிந்திருக்கவில்லை. சில ஆண்டுகளில் காற்று மாறியது. 1950ல் ஓர்வெல் காலமான பின், அமெரிக்க உளவு நிறுவனமாகிய சி.ஐ.ஏ. மறைவாகப் பணம் கொடுத்து, பிரித்தானியாவின் ஹலாஸ், பச்சலர் தம்பதியரின் நிறுவனத்தைக் கொண்டு, அதே கதையைக் கார்ட்டூன் படமாக எடுப்பித்தது. 1954ல் படம் வெளிவந்தது. கடைசிக் காட்சி மாற்றப்பட்டிருந்தது. விருந்து மேசையில் மனிதர் இல்லை, பன்றிகள் மட்டுமே. விலங்குகள் மீண்டும் எழுந்து அவற்றை வீழ்த்துகின்றன. பன்றியும் எசமானும் ஒன்றே என்ற பாதி போய்விட்டது. பன்றியே பகை என்ற பாதி மட்டும் மிஞ்சியது. பணம் கொடுத்தவர் யாரென்ற விபரம் பல்லாண்டுகளின் பின்னரே பரவலாகத் தெரியவந்தது. அதற்கிடையில் பாடசாலை வகுப்பறைகளிலும் அப்படம் காட்டப்பட்டது.

அகதிகளுக்கு ஒரே புத்தகம் ஒரு வருடம் தடை, இன்னொரு வருடம் பரிசு. கதை மாறவில்லை, கொடுப்பவரின் தேவைதான் மாறியது. நிவாரணம் வாங்கிப் பழகிய எமக்கு இது புரியாததா?

இப்போது எமது சொந்தக் கதைக்கு வருவோம். எமது பிள்ளைகளுக்கு எமது இடப்பெயர்வைப் பற்றிச் சித்திரக்கதை வேண்டும், கார்ட்டூன் வேண்டும் என்று இங்கும் புலம்பெயர் நாடுகளிலும் பலர் பேசுகின்றனர். நல்ல எண்ணம். வரட்டும். ஆனால் வரும்போது அதில் எவரை வெட்டியிருக்கின்றார்கள் என்று பாருங்கள். 1990 ஒக்ரோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் எம்மவர். நாம் வலிகாமம் வடக்கை விட்டோடி நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பிள்ளையும் ஒரு பையைத்தான் காவிக்கொண்டு போனது. எமது இடப்பெயர்வுச் சித்திரத்தில் அந்தப் பிள்ளை இல்லையென்றால், அச்சித்திரம் வெட்டப்பட்ட சித்திரமே.

இன்னொருவரும் விடுபடுகின்றார். உறுதியைக் கையில் வைத்திருந்தவருக்கு, வலயம் எப்போது திறக்கும் என்ற காத்திருப்பாவது இருந்தது. 2009க்குப் பின் கட்டம் கட்டமாகக் காணிகள் விடப்பட்டபோது ஒரு பகுதியினர் திரும்பினார்கள். இன்னும் விடப்படாத காணிகளுக்காக மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள். ஆனால் பிறர் காணியில் குடியிருந்து, கூலிக்குப் புகையிலையும் மிளகாயும் செய்தவர்கள் எந்தக் காணிக்குத் திரும்புவது? முகாம்களில் நீண்ட காலம் தேங்கியவர்களுள் காணியற்றோர் பலர் இருந்ததன் காரணம் இதுதான். சுண்டெலியின் கையில் இருந்த பத்திரம் அவர்கள் கையில் ஒருபோதும் இருந்ததில்லை. ஊரை இழந்த கதையைச் சொல்லும் எந்தப் படமும் அவர்களுடைய இழப்பையும் இழப்பென்று எண்ண வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? கைத்தொலைபேசியைப் பறித்துப் பூட்டி வைப்பதால் பயனில்லை. அயல் வீட்டில் பார்ப்பார்கள். கிழமைக்கு இரண்டு தரமாவது பிள்ளை பார்ப்பதை அரை மணி நேரம் கூட இருந்து பாருங்கள். முடிந்ததும் பேச்சுக் கொடுங்கள். அந்தக் கெட்டவன் ஏன் கெட்டவனாக இருக்கின்றான், அவனுக்கும் அம்மா இருக்கின்றாவா, நீ அந்த எலியாக இருந்தால் என்ன செய்திருப்பாய், வேறு வழி இருந்ததா என்று கேளுங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதிலும் நன்றாக வழக்காடுவார்கள். வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் துண்டுப் படமென்றால், இதைச் செய்தவர் யார், எமக்கு ஏன் அனுப்புகின்றார், தேர்தல் கிட்டுகின்றதோ என்றும் கேட்டுப் பாருங்கள். பெயரில்லாமல் வருவதைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

ஊரைப் பற்றிப் பிள்ளைக்கு நீங்களே சொல்லுங்கள். 1990ல் பத்து வயதாக இருந்தவர்களே கடைசியாகத் தெளிவான நினைவோடு அந்தத் தோட்டங்களைக் கண்டவர்கள். அவர்களே இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். செம்மண் எப்படிக் காலில் ஒட்டும், எந்த மூலையில் கிணறு, துலா மிதித்தவர் யார், மெசின் வந்த பின் எத்தனை மணித்தியாலம் இறைத்தீர்கள், எல்லையில் நின்ற பனைகள் எத்தனை, வேலியால் கஞ்சி கைமாறிய வீடு எது என்று சொல்லுங்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை கீறட்டும். அப்படிக் கீறும்போது பிள்ளைகள் எதிர்பாராத கேள்விகளைக் கேட்பதுண்டு. அந்தக் கிணற்றில் எல்லாரும் தண்ணீர் அள்ளினவையோ என்றும் ஒரு பிள்ளை கேட்கக்கூடும். கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.